பச்சை வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தை: மலையகத்தில் குடல் அடைப்பைக் கண்டறிந்து சிகிச்சையளிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைக் குடல் அடைப்பு என்றே கொள்ள வேண்டும். அக்குழந்தை மறுநாள் காலைக்காகவோ அடுத்த கிளினிக் நாளுக்காகவோ காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். இந்த ஒரு விதியை இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், ஆதார வைத்தியசாலைகளிலும், அங்கிருந்து கண்டிக்கு இறங்கும் மலைப்பாதையிலும் எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன். குடும்பநல உத்தியோகத்தர்களையும், தோட்ட வைத்திய உதவியாளர்களையும், பிரசவ விடுதித் தாதியரையும், இளம் வைத்தியர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது இது. திரவ அளவுகளும் மருந்துகளும் அவர்களுக்கே உரியவை. பெற்றோர் முதற்படியையும் இறுதிப்படியையும் படித்தால் போதும்.

மலையகத்தில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. சிக்கலற்ற பிரசவமாயின் தாயும் சேயும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். குடல் அடைப்பின் அடையாளங்களோ பல குழந்தைகளில் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெளிவடைகின்றன. குடல் முறுக்கு மூன்றாம் வாரத்திலும் வரலாம். ஆகவே நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். லயத்து அறையில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் அல்லது பாட்டிதான். அவர்கள் கண்டதை நம்பிச் செயற்படும் ஒருவர் அடுத்த படியில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே குழந்தையின் குடல் பிழைப்பதும் பிழைக்காததும் அமைகிறது.

முதற்படி: வாந்தியின் நிறத்தைப் பார்த்தல்

குழந்தை பால் குடித்தபின் வாயோரம் கக்கும் வெள்ளைப் பால், அது திரைந்திருந்தாலும், குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடிவரும் வரை கவலைக்குரியதன்று. சீம்பால் இயல்பாகவே மஞ்சள் நிறமானது என்பதால், முதல் நாட்களில் கக்கும் பால் சற்று மஞ்சளாக இருப்பதும் உண்டு. அரைத்த கீரையின் சாற்றைப் போன்ற பச்சை மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. பித்தநீர் முன்சிறுகுடலில் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே வழி அடைபட்டிருக்கிறது, அல்லது குடல் இயங்காமல் நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். மஞ்சளா பச்சையா என்று ஐயம் எழுந்தால் பச்சை என்றே முடிவு செய்யுங்கள்.

லயத்து அறையின் மங்கலான மின்குமிழ் வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகவே தெரியும். வாந்தி பட்ட வெள்ளைத் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரவாயின் கைத்தொலைபேசியின் வெள்ளை விளக்கொளியில் பார்க்கலாம். அந்தத் துணியை அலசாமல், ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவில் இருப்பவர் தமிழ் அறியாதவராக இருந்து, தாய் பதற்றத்தில் சிங்களச் சொற்களைத் தேடித் தடுமாறும் வேளைகளில், பையைத் திறந்து துணியைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விடயம் புரிந்துவிடும். குடும்பநல உத்தியோகத்தர் முதல் 10 நாட்களுக்குள் வீட்டுக்கு வரும்போது, பால் குடிக்கிறதா என்று மட்டும் கேட்காமல், கக்கியதா, என்ன நிறம், எத்தனை முறை மலம் போனது என்பவற்றையும் கேட்க வேண்டும்.

வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றவுடன் மாந்தம் என்று முடிவுசெய்து ஓமத் தண்ணீரோ, உரைமருந்தோ, கொத்தமல்லித் தண்ணீரோ புகட்டும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அது பேரப்பிள்ளை மீதுள்ள அன்பினால் செய்யப்படுவது என்பதை நன்கு அறிவேன். அதனால்தான் பாட்டிமாரைக் கடிந்துகொள்ளாமல், காரணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடைபட்ட குடலுக்குள் எதைப் புகட்டினாலும் அது மேலே திரும்பிவந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கும் ஓர் இரவில் முறுக்கிய குடல் அழுகிவிடும். பச்சை வாந்தி கண்டபின் தாய்ப்பால் உட்பட எதையும் வாயால் கொடுக்கக் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். லயத்துக்கு வண்டி ஏற முடியாத தோட்டங்களில், அழைப்பை எடுத்தவுடனேயே குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்திக்கொண்டு வண்டி வரக்கூடிய பாதைக்கு இறங்கிவிட வேண்டும்.

இரண்டாம்படி: வினாக்களும் உடற்பரிசோதனையும்

வைத்தியசாலையில் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே. கர்ப்பகாலத்தில் பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருந்ததா என்பதைத் தாயின் கர்ப்பப் பதிவேட்டில் பாருங்கள். கருவிலுள்ள குழந்தை விழுங்கும் நீர் குடலின் மேற்பகுதியில் தடைப்படும்போது பனிக்குட நீர் பெருகும். தாய்க்கு நீரிழிவு இருந்ததா என்றும் கேளுங்கள். அத்தகைய தாய்மாரின் குழந்தைகளுக்கு இடப்பக்கப் பெருங்குடல் சிறுத்து, தற்காலிக அடைப்பு ஏற்படுவதுண்டு. பிரசவத்தின்போது தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஏற்றப்பட்டிருந்தால் குழந்தையின் குடல் சில நாட்கள் மந்தமாக இருக்கலாம்.

முதல் மலமாகிய காட்டுப்பீ எப்போது போனது என்பது மிக முக்கியமான வினா. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு முதல் 24 மணிநேரத்துக்குள்ளும், மற்றவர்களுள் பெரும்பாலானோருக்கு 48 மணிநேரத்துக்குள்ளும் அது போய்விடும். தாமதமானால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயை, அதாவது குடலின் கீழ்ப்பகுதிச் சுவரில் நரம்புத்திரட்கலங்கள் இல்லாத பிறவி நோயை, நினைக்க வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தை மறந்துவிடக் கூடாது: காட்டுப்பீ போய்விட்டது என்பதால் அடைப்பு இல்லை என்று ஆகாது. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே தேங்கியிருந்த மலம் வெளியேறலாம். குடல் முறுக்கு வரும் குழந்தையோ அதற்கு முன்தினம் வரை இயல்பாகவே மலம் கழித்திருக்கும். கிளிசரின் மாத்திரையை மலவாயிலில் வைத்து, மலம் வந்துவிட்டது என்று ஆறுதல் அடைவதும் இதே வகைத் தவறு.

பரிசோதனையைக் குழந்தையின் உடைகளை முழுவதும் அகற்றி, கதகதப்பூட்டியின் கீழே செய்ய வேண்டும். மேற்குடலில் அடைப்பிருந்தால் வயிறு தட்டையாக, சிலவேளை குழிந்தேகூட இருக்கும். கீழ்க்குடல் அடைப்பில்தான் வயிறு உப்பும். மென்மையான தட்டையான வயிறு குடல் முறுக்கின் தொடக்கத்தில் வழமையான காட்சி என்பதால், அதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வயிற்றுத் தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருத்தல், தொட்டால் குழந்தை துடித்தல், மலத்தில் குருதி ஆகிய மூன்றும் குடல் அழுகத் தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன.

இரு கவட்டிகளையும் தொட்டுப் பாருங்கள். சிக்கிக்கொண்ட குடலிறக்கம் அணையாடைக்குள் மறைந்திருக்கும். பின்னர் மலவாயிலைப் பாருங்கள். இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்: கால்களை உயர்த்தி, ஒட்டியிருக்கும் மலத்தை ஈரப்பஞ்சால் துடைத்து, துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் நேராகப் பார்க்க வேண்டும். பெண் குழந்தைகளில் மலவாயில் மூடியிருந்தும் யோனிவாயிலின் ஓரத்திலுள்ள சிறு துவாரத்தால் மலம் வெளியேறுவதுண்டு. அணையாடையில் மலம் இருக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் அந்தக் குழந்தை மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடும். ஆண் குழந்தையின் சிறுநீரில் பச்சை கலந்த மலம் தெரிந்தால் பெருங்குடலுக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் இடையே இணைப்பு இருக்கிறது. டவுன் நோய்க்குறியின் முகத்தோற்றம், இதய முணுமுணுப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்சிறுகுடல் அடைப்புள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு டவுன் நோய்க்குறி உண்டு.

மூன்றாம்படி: நோய்ப்பெயர் தெரியும் முன்பே செய்யவேண்டியவை

காரணம் எதுவாயினும் முதற் சிகிச்சை ஒன்றே. எக்ஸ்ரேக்கு வரிசையில் நிற்பதற்கு முன் இது தொடங்கியிருக்க வேண்டும்.

முதலில் இரைப்பைக் குழாய். நிறைமாதக் குழந்தைக்கு 8 பிரெஞ்சு அளவுக் குழாய் போதும். பால் புகட்டுவதற்கான மெல்லிய 5 அல்லது 6 அளவுக் குழாய் பித்தநீரிலும் திரைந்த பாலிலும் அடைபட்டுவிடும். மூக்கிலிருந்து காதுமடல் வரையும், அங்கிருந்து மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவிலுள்ள புள்ளி வரையும் அளந்து, வாய் வழியாகச் செலுத்துங்கள். செலுத்தியவுடன் சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வந்த திரவத்தின் அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். பிறந்தவுடன் இரைப்பையிலிருந்து 20 மில்லிலீட்டருக்கு மேல் வந்தால் அடைப்பு இருக்கக்கூடும் என்பதற்கு அதுவே ஒரு சான்று. அதன்பின் குழாயின் முனையை மூடாமல், குழந்தையின் மட்டத்துக்குக் கீழே ஒரு பையில் தொங்கவிட வேண்டும். மணிக்கொரு முறை சிரிஞ்சால் இழுக்கவும் வேண்டும். குழாயைப் போட்டுவிட்டு முனையை மூடி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், அப்படி மூடப்பட்ட குழாய்களோடு குழந்தைகள் இன்னும் அனுப்பப்படுவதுதான்.

இரண்டாவது, சூடு. குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; மார்கழி, தை மாத இரவுகளில் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விடுதிக்குள் குளிர் இறங்கும். குளிர்ந்த குழந்தையின் குருதியில் அமிலம் கூடும், குளுக்கோஸ் குறையும், மயக்கமருந்தைத் தாங்கும் திறனும் குறையும். தலைக்குத் தொப்பி, காலுறை, உலர்ந்த துணி, கதகதப்பூட்டி, அல்லது தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்தல் ஆகியவற்றுள் எது கைவசம் இருக்கிறதோ அதை உடனே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, திரவம். நாளத்தில் கனுலா பொருத்தி, குருதிக் குளுக்கோஸை உடனே பாருங்கள், லீட்டருக்கு 2.6 மில்லிமோலுக்குக் குறைந்தால் திருத்த வேண்டும். குழந்தை அதிர்ச்சி நிலையில் இருந்தால், அதாவது கைகால் குளிர்ந்து, மார்பெலும்பின்மேல் அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேலாகி, நாடித்துடிப்பு வேகமாக இருந்தால், கிலோவுக்கு 10 மில்லிலீட்டர் 0.9 வீத சேலைன் 10 முதல் 20 நிமிடங்களில் ஏற்றி, மீண்டும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அன்றாடத் தேவைக்கு முதல் நாள் கிலோவுக்கு ஏறத்தாழ 60 மில்லிலீட்டர் 10 வீத டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கி, வயதுக்கேற்ப நாள்தோறும் கூட்டலாம். இவற்றுக்குப் புறம்பாக, இரைப்பைக் குழாயால் வெளியேறும் ஒவ்வொரு மில்லிலீட்டருக்கும் ஒரு மில்லிலீட்டர் 0.9 வீத சேலைன் ஈடாகக் கொடுக்க வேண்டும். சிறுநீர் போகத் தொடங்கியபின் அந்தச் சேலைனில் 500 மில்லிலீட்டருக்கு 10 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைட் சேர்க்கலாம். இந்த ஈடுசெய்தல்தான் அதிகம் மறக்கப்படுகிறது. பயண முடிவில் குழந்தை வறண்டு போய்ச் சேர்வதற்கும் சத்திரசிகிச்சை பல மணிநேரம் தள்ளிப்போவதற்கும் இதுவே பெரிதும் காரணமாகிறது. மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிலீட்டர் சிறுநீர் போனால் திரவம் போதுமானது.

குருதி எண்ணிக்கை, இரசாயனச் சமநிலை, கிருமி வளர்ப்புச் சோதனை, குருதி வகை ஆகியவற்றுக்கான மாதிரிகளை எடுத்தபின் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தொடங்குங்கள். பென்சிலின் அல்லது அம்பிசிலினோடு ஜென்டாமைசினும் மெட்ரோனிடசோலும் வழமையான தெரிவு. பிறந்தவுடன் 1 மில்லிகிராம் விட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதைப் பதிவேட்டில் உறுதிசெய்து, இல்லையேல் இப்போதே போடுங்கள். தீவிர கிருமித்தொற்றும் பச்சை வாந்தியை உண்டாக்கும் என்பதால் அதற்கான சிகிச்சையும் இதனுள் அடங்கிவிடுகிறது. ஆயினும், தொற்றுத்தான் காரணம் என்று எண்ணிச் சத்திரசிகிச்சை நிபுணரை அழைக்காமல் இருந்துவிடக் கூடாது.

நான்காம்படி: ஒரேயொரு எக்ஸ்ரே

படுத்த நிலையில் எடுக்கும் வயிற்று எக்ஸ்ரே ஒன்று பெரும்பாலும் போதும். குடலில் துளை விழுந்த ஐயம் இருந்தால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து மற்றொன்று எடுக்கலாம். பிறந்த சில நிமிடங்களில் காற்று இரைப்பையை அடைந்து, சில மணிநேரத்தில் சிறுகுடல் முழுவதும் பரவி, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மலக்குடலை எட்டிவிடும். எந்த இடத்தில் காற்று நின்றுவிட்டது என்று பார்ப்பதே வாசிப்பின் சாரம்.

இரைப்பையும் முன்சிறுகுடலும் இரண்டு பெரிய காற்றுக் குமிழிகளாகத் தெரிந்து, அவற்றுக்குக் கீழே காற்றே இல்லையெனில், அது முன்சிறுகுடல் துவாரமின்மை, அதாவது பிறவியிலேயே வழி மூடியிருக்கும் நிலை. மேலதிக படம் எதுவும் தேவையில்லை. அதே இரட்டைக் குமிழியோடு கீழ்க்குடலில் சிறிதளவு காற்றும் தெரிந்தால் நிலைமை மாறுகிறது. வழி முற்றாக மூடவில்லை என்பதால் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். உண்மையில் இந்தப் படம்தான் அதிக அவசரமானது, ஏனெனில் குடல் முறுக்கு இவ்வாறு தோன்றலாம். மூன்று நான்கு குமிழிகள் மட்டும் தெரிந்தால் இடைச்சிறுகுடல் அடைப்பையும், உப்பிய வளையங்கள் பல தெரிந்தால் கீழ்க்குடல் அடைப்பையும் எண்ணலாம். இந்த வயதில் சாதாரண எக்ஸ்ரேயை வைத்துச் சிறுகுடல் எது, பெருங்குடல் எது என்று பிரித்தறிய முடியாது. அவ்வாறு அறிக்கை எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் கருவிலேயே குடலில் துளை விழுந்திருக்கிறது.

எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருக்கவும் கூடும். பச்சை வாந்தி எடுத்த குழந்தைக்கு இயல்பான எக்ஸ்ரே வந்தால் பயணம் தொடரவே வேண்டும். முறுக்கின் தொடக்கத்தில் படத்தில் எதுவும் தெரியாமல் போவது அரிதன்று.

ஐந்தாம்படி: அனுப்புதல்

குழந்தைச் சத்திரசிகிச்சைக்கான சிறப்பு வசதி பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும், கொழும்பிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் உண்டு. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகவும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகவும் வரும் பாதைகள் கம்பளையில் சேர்ந்து பேராதனைக்குச் செல்கின்றன. பதுளைப் பக்கத்துக் குழந்தைகளை எங்கு அனுப்புவது என்பதை அங்குள்ள குழந்தை வைத்திய நிபுணர் தொலைபேசியில் பேசித் தீர்மானிக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவினால் பாதை மூடப்பட்டிருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் பொலிஸாரிடம் கேட்டறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எழுத்தில் அனுப்பிவிட்டுக் காத்திராமல், அனுப்பும் வைத்தியரே ஏற்கும் சத்திரசிகிச்சைப் பிரிவோடு நேரடியாகப் பேச வேண்டும். பிறந்த நேரம், எடை, முதல் பச்சை வாந்தி கண்ட நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், இரைப்பைக் குழாயால் வந்த மொத்த அளவு, ஏற்றிய திரவம், கொடுத்த மருந்துகள், விட்டமின் கே ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே படமும் கூடவே செல்ல வேண்டும். குருதி பொருத்திப் பார்ப்பதற்கும் சம்மதக் கையொப்பத்துக்கும் தாய் அல்லது தந்தை உடன் இருப்பது அவசியம். தாயின் உடல்நிலை இடங்கொடுத்தால் தாயையே அனுப்புங்கள், ஏனெனில் பின்னர் பால் தேவைப்படும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கும்போது முதலில் நழுவுவது இரைப்பைக் குழாயும் கனுலாவுமே. புறப்படுமுன் இரண்டையும் மறுபடி ஒட்டி, குழாயில் வாயோரம் ஒரு குறியிட்டு, இரண்டாவது கனுலா ஒன்றையும் பொருத்திவிடுங்கள். உடன் செல்லும் தாதி அரைமணிக்கொருமுறை குழாயை இழுத்து, வெப்பநிலையைப் பார்த்து, குறிப்பெழுத வேண்டும். இன்கியூபேட்டர் (குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டி) இல்லாத வண்டியில் தாயின் மார்போடு தோல்மேல் தோலாகக் கட்டிவைத்து, மேலே போர்த்துவது நம்பகமான வழி.

ஆறாம்படி: நோயை உறுதிசெய்தல்

வயிறு விறைத்து, மலத்தில் குருதி கண்டு, குழந்தை தளர்ந்திருந்தால் மேலும் படங்கள் எடுப்பதில் நேரம் கழிக்காமல், திரவம் ஏற்றிக்கொண்டே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை நிலையாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை வாய்வழியாகச் செலுத்திச் சாயப்படம் எடுக்கப்படும். இயல்பான குழந்தையில் முன்சிறுகுடல் முதுகெலும்பைத் தாண்டி இடப்புறம் சென்று, இரைப்பை வாயிலின் மட்டத்துக்கு ஏறி, அங்கு இடைச்சிறுகுடலோடு சேரும். அந்தச் சந்தி வலப்புறத்திலோ தாழ்ந்தோ இருந்தால் குடல் சுழற்சிக் கோளாறு உண்டு; சாயம் திருகுச்சுருளாக இறங்கினால் முறுக்கும் உண்டு. பயிற்சி பெற்ற கைகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இதைக் காட்டும்: குடலுக்கான நாளம் தமனியைச் சுற்றிச் சுழன்றிருப்பதைக் காணலாம்.

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் அவசரம் விளங்கும். கருவின் ஆறாம் வாரமளவில் குடல் தொப்புள்கொடிக்குள் வெளிச்சென்று, பத்தாம் வாரமளவில் வயிற்றுக்குள் திரும்பும்போது, தன் தமனியைச் சுற்றி 270 பாகை இடஞ்சுழியாகச் சுழன்று அகன்ற அடித்தளத்தில் ஒட்டிக்கொள்கிறது. சுழற்சி முழுமையடையாவிட்டால் சிறுகுடல் முழுவதும் ஒடுங்கிய காம்பு ஒன்றில் தொங்கும். அந்தக் காம்பு முறுக்கினால் குருதியோட்டம் நின்று, சில மணிநேரத்தில் சிறுகுடல் முழுவதையும் இழக்க நேரிடும்.

கீழ்க்குடல் அடைப்புக்கு மலவாயில் வழியாகச் சாயப்படம் எடுக்கப்படும். பயன்படாமல் சிறுத்த பெருங்குடல் தெரிந்தால் பின்சிறுகுடல் துவாரமின்மையோ காட்டுப்பீ இறுகி அடைத்த நிலையோ காரணம். மலக்குடல் ஒடுங்கி அதற்கு மேலே பெருங்குடல் அகன்றிருந்தால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். ஆயினும் முதல் வாரங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம் என்பதால், மலக்குடலின் உட்சுவரிலிருந்து உறிஞ்சியெடுத்த இழையத் துணுக்கில் நரம்புத்திரட்கலங்கள் இல்லை என்பதை நுண்காட்டியில் கண்டே உறுதி செய்ய வேண்டும்.

ஏழாம்படி: சத்திரசிகிச்சை

குடல் முறுக்குக்கு 1936 இல் வில்லியம் லாட் விவரித்த முறையே இன்றும் அடிப்படை. குடலை இடஞ்சுழியாகத் திருப்பி முறுக்கை அவிழ்த்து, முன்சிறுகுடலை அழுத்தும் பட்டிகளை அறுத்து, காம்பின் அடித்தளத்தை விரித்து, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் வைத்து, குடல்வாலை அகற்றுவார்கள். நிறம் திரும்புமா என்று ஐயமுள்ள குடலை உடனே வெட்டாமல், வயிற்றை மூடி, 24 முதல் 48 மணிநேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு. பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் சத்திரசிகிச்சையைத் தோல்வி என்று நினைத்து மனமுடைந்து போவார்கள்.

முன்சிறுகுடல் துவாரமின்மை முறுக்களவு அவசரமானதன்று. திரவச் சமநிலையைச் சரிசெய்து, இதயத்தை ஸ்கேன் மூலம் பார்த்தபின், அடைப்பின் மேலும் கீழும் உள்ள பகுதிகளை இணைப்பார்கள். ஆனால் முறுக்கு இல்லை என்பது நிச்சயமானால் மட்டுமே காத்திருக்கலாம்.

இடை, பின் சிறுகுடல்களின் துவாரமின்மைக்கான காரணத்தைக் கேப் டவுனில் லோவும் பார்னார்டும் 1955 இல் நிறுவினர். நாய்க்கருக்களில் குடலுக்கான குருதிக்குழாய்களைக் கட்டியபோது அந்தப் பகுதி கருகி மறைந்து, மனிதக் குழந்தைகளில் காணும் அதே அடைப்பு உருவாயிற்று. அந்தப் பார்னார்ட்தான் 1967 இல் முதல் மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தவர். குருதியோட்டம் குன்றிய உப்பிய முனையை வெட்டியகற்றிவிட்டு இணைக்கவேண்டும் என்ற விதி இந்த ஆய்வின் பயனே. அடைப்பு ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதால், கீழ்க்குடலுக்குள் சேலைனைச் செலுத்தி அது இறுதிவரை செல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாய் கர்ப்பகாலத்தில் செய்த எதனாலும் இது வருவதில்லை. எட்டாம் மாதம் வரை கொழுந்து பறித்தேனே, அதனால்தானோ என்று கேட்கும் தாய்க்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஹிர்ஷ்ஸ்பிரங் நோயில் முதலில் குடலைக் கழுவிக் காற்றையும் மலத்தையும் வெளியேற்ற வேண்டும். மென்மையான குழாயை மலக்குடலுக்குள் செலுத்தி, கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீட்டர் வெதுவெதுப்பான 0.9 வீத சேலைனைச் சிறிது சிறிதாக விட்டு, விட்ட அளவு திரும்பி வருகிறதா என்று அளக்க வேண்டும். ஒருபோதும் வெறும் நீரைப் பயன்படுத்தக் கூடாது. அது குருதியில் கலந்து சோடியத்தைக் குறைத்து வலிப்பை உண்டாக்கும். நரம்பற்ற பகுதியை அகற்றி நல்ல குடலை மலவாயிலுக்கு இறக்கும் சத்திரசிகிச்சையை 1948 இல் ஸ்வென்சன் அறிமுகப்படுத்தினார். இன்று பல குழந்தைகளுக்கு வயிற்றைத் திறக்காமலே மலவாயில் வழியாக அது செய்யப்படுகிறது.

மலவாயில் மூடியிருந்தால் ஏறத்தாழ 24 மணிநேரம் காத்திருந்து, மலம் தோலோரம் தெரிகிறதா என்று பார்த்தே தாழ்நிலை, உயர்நிலை என்று பிரிப்பார்கள். உயர்நிலையாயின் வயிற்றில் செயற்கை மலவாயில் வைத்து, சில மாதங்களின் பின் நிரந்தரச் சீரமைப்பு நடக்கும். சிறுநீரகம், முதுகெலும்பு, இதயம், உணவுக்குழாய் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். இறுகிய காட்டுப்பீயைக் கஸ்ட்ரோகிராபின் சாயம் செலுத்தியே பல வேளைகளில் கரைத்துவிடலாம். அச்சாயம் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும் என்பதால், செலுத்துமுன் நாளத்தில் திரவம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டாம்படி: பாலும் வீடும்

சத்திரசிகிச்சைக்குப் பின் இரைப்பைத் திரவம் பச்சை நீங்கித் தெளிந்து, அளவு குறைந்து, மலம் போகத் தொடங்கும் வரை பால் கொடுக்க மாட்டார்கள். முன்சிறுகுடல் அடைப்பில் இது வாரக்கணக்கில் நீளலாம். அதுவரை நாளம் வழியாகவே ஊட்டம் ஏற்றப்படும். தாய் பகலிலும் இரவிலும் மூன்று மணிநேரத்துக்கொருமுறை பாலைப் பிழிந்து, பெயரும் நேரமும் எழுதிக் குளிரூட்டியில் சேமிக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கப்போவதில்லை என்ற எண்ணத்தில் முதல் வாரத்தில் பிழியாமல் விட்டால் பால் வற்றிவிடும். வெட்டிய குடல் தேறுவதற்குத் தாய்ப்பாலுக்கு நிகரான உணவு வேறில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள், தந்தையின் நாட்கூலி, கண்டிக்குப் போய்வரும் செலவு என்று தாயை வீட்டுக்கு இழுக்கும் காரணங்கள் பல இருக்கும். விடுதித் தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும் தொலைபேசியில் ஒருமுறை பேசினால், மற்றப் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ) உறவினரிடமோ விட ஏற்பாடு செய்து, தாயை வைத்தியசாலையிலேயே தங்கவைக்க வழி பிறக்கும்.

செயற்கை மலவாயிலோடு வீடு செல்லும் குழந்தையின் தாய், பையைத் தானே மாற்றி, சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி உலர்த்துவதைத் தாதியின் முன்னிலையில் பலமுறை செய்துகாட்டியபின்னரே விடுவிக்கப்பட வேண்டும். பை கிடைக்காத நாட்களில் சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் கட்டலாம். சிறுகுடலில் வைக்கப்பட்ட வாயிலால் உப்பு அதிகம் வெளியேறும். பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாத குழந்தைக்குச் சிறுநீரின் சோடியத்தைச் சோதிக்க வேண்டும். எடையை வாரந்தோறும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் குறிக்குமாறு குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சை செய்யப்பட்ட நோயின் பெயர், திகதி, வைத்தியசாலை, விடுதித் தொலைபேசி எண் ஆகியவற்றை அதே பதிவேட்டின் முதற் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மீண்டும் அடைப்பு ஏற்படுவது மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் நிகழலாம். அப்போதும் முதல் அடையாளம் பச்சை வாந்தியே. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிறு உப்பி, நாற்றமுள்ள மலம் பீறிட்டு வெளியேறினால், அது சாதாரண வயிற்றோட்டமன்று. அந்தக் குழந்தையை ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்காமல், நள்ளிரவாயினும் பதிவேட்டோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து, முதலில் காணும் வைத்தியரிடம் அந்த முதற் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.